நெருக்க எண் நூறு

ஏழாவது படியில் ரூத் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, எந்திரி. இன்னும் பதினாலு படிதான் இருக்கு," என்றாள் அவள் அம்மா ஹெப்சிபா.

"செத்த இரும்மா. நெஞ்சு அடைக்குது."

பக்கத்திலேயே மின்தூக்கி இருந்தது, காலியாக. ஆனால் அது நோயாளிகளுக்கு மட்டும். கதவில் விரலை வைத்தால், நாட்டுக்கே நோய் பார்க்கிற பெருங்கணி என்ற கணினியைக் கேட்கும். இந்த ஆளுக்கு நோய் உண்டு என்று பெருங்கணி சொன்னால்தான் திறக்கும். ரூத் விரலை வைத்தபோது, "நீங்கள் முழு நலத்துடன் இருக்கிறீர்கள். படியேறுவது உடம்புக்கு நல்லது" என்று அது இனிமையாகச் சொல்லிவிட்டு மூடியபடியே நின்றது. இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்குக் கணுக்கால் இரண்டும் வீங்கி, உதடு நீலம் பாரித்திருந்தது. அதைப் பார்க்க அந்தக் கதவுக்கு ஏது கண்!

ஊரில் யாரிடம் கேட்டாலும் ரூத்துக்கு நோய் என்றால் சிரிப்பார்கள். அவளுடைய நெருக்க எண் தொண்ணூற்றொன்று. பாளையங்கோட்டையில் ஐம்பதும் ஐம்பத்தைந்தும் வைத்துக்கொண்டு ஜனங்கள் சந்தோஷமாகக் காலம் தள்ளுகிறார்கள். அறுபது வந்தால் வீட்டு வாசலில் பலகை அடித்து மாட்டுகிறார்கள். எழுபது வந்த ஒரு பையனுக்கு நாகர்கோவிலிலிருந்து நாலு சம்பந்தம் வந்தது. ஜாதகம் பார்த்த காலம் போய், பெண்ணின் முகத்தைப் பார்க்கும் முன் எண்ணைக் கேட்கிற காலம் இது. தொண்ணூற்றொன்று என்றதும் தரகர்கள் ரூத்தின் வீட்டு வாசலிலேயே கிடந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பித் தட்டைத் தூக்கிவரக்கூட அவளால் முடியவில்லை என்பதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

இந்த எண் வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். முன்பெல்லாம் டாக்டர் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார், ஒத்துக்கொண்டால் பிழைத்தோம், இல்லையென்றால் போனோம். இப்போது அந்த ஆபத்து இல்லை. ஒரு சொட்டு ரத்தம் போதும். தாமிரபரணிக் கரையில், ஆற்றுத் தண்ணீரைக் குடித்துச் சூடு தணித்துக்கொண்டு ஓடுகிற பெருங்கணி, அந்தச் சொட்டிலிருந்து உங்கள் உடம்பை உயிரணு உயிரணுவாகக் கணக்கில் கட்டிவிடும். அதன் பெயர் எண்ணுடல். நோயும் மருந்தும் முதலில் எண்ணுடலுக்குத்தான், மனுஷனுக்கு அப்புறம்தான். எண்ணுடல் பிழைத்தால் ஆஸ்பத்திரியிலிருக்கும் மருந்துப் பேழை மூன்று முறை மணியடித்துத் திறக்கும். பிழைக்காவிட்டாலும் சரி, நோயே இல்லை என்றாலும் சரி, திறக்காது. இது சட்டம்.

ஆனால் சும்மா வெறுமனே ஒரு உடம்பைக் கட்டிவிட முடியுமா? ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். அதற்காக ஒரே ஒரு மனித உயிரணுவை, அதன் கடைசி மூலக்கூறு வரை படித்து வைத்திருந்தார்கள். அதுதான் ஆதியணு. குறையே இல்லாத ஆரோக்கியத்தின் அளவு. உங்கள் அணு அதிலிருந்து எங்கே விலகுகிறதோ அங்கே உங்களுக்கு நோய் வரலாம். எவ்வளவு ஒத்திருக்கிறதோ அதுதான் நெருக்க எண்.

"எந்திரிச்சு வா மக்ளே. ஊரே உன் எண்ணுக்கு ஏங்குது. நீ என்னடான்னா எப்பப் பாத்தாலும் உக்காந்துக்கிட்டும் படுத்துக்கிட்டும்," என்றாள் ஹெப்சிபா. சொல்லிவிட்டு அவளும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

இதே பேச்சை ரூத் பத்து வயசிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் பாதியில் உட்கார்ந்தபோது டீச்சர் சொன்னது, கல்லூரியை நிறுத்தியபோது சித்தப்பா சொன்னது, எல்லாம் ஒரே வார்த்தைதான். சோம்பேறி.

மேலே டாக்டர் பர்வீன் ரூத்தின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். மேலப்பாளையத்துக்காரி. இந்தக் காலத்திலும் நெஞ்சில் காது வைக்கிற டாக்டர் அவள் ஒருத்திதான் என்று ஆஸ்பத்திரியில் கேலி பேசுவார்கள். ரூத்தைப் படுக்க வைத்துவிட்டு ஹெப்சிபாவை வெளியே கூட்டிவந்தாள்.

"அக்கா, ஒளிச்சு மறைச்சுப் பேசத் தெரியாது எனக்கு. பிள்ளைக்கு இதயம் ரொம்ப பலவீனமா இருக்கு. மூணு தடவை எண்ணுடலை ஓட்டச் சொன்னேன். மூணு தடவையும் நோய் இல்லைன்னுதான் வருது."

"அப்ப இல்லைதானே டாக்டர்?"

"உங்க காதுக்கு ஏன் கருவி?"

ஹெப்சிபா திடுக்கிட்டாள். "அது... ஆய்வுக்கூடத்துல இருபத்தஞ்சு வருஷம் காத்தாடி இரைச்சல்ல வேலை பாத்தது. அதுல மந்தமாயிட்டு."

"இடது இமை கொஞ்சம் தொங்குதே, அது? படியேறினா உங்களுக்கும் இளைக்குதே, அது?"

"வயசாகுதுல்லா."

"உங்க அம்மா எத்தனை வயசுல போனாங்க?"

"நாற்பத்தாறு. நெஞ்சு வலி."

பர்வீன், "அக்கா, ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் இழைமணின்னு ஒண்ணு இருக்குறது என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். அணுவுக்குச் சோறு பொங்குற அடுப்பு. அது தாய்கிட்டருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும். உங்க அம்மா, நீங்க, ரூத், மூணு பேருக்கும் ஒரே அடுப்பு. அதுலதான் பழுதுன்னு என் மனசு சொல்லுது. மருந்தும் இருக்கு, இந்தப் பேழைக்குள்ளயே இருக்கு. ஆனா ரூத்தோட இழைமணியில உள்ளதெல்லாம் ஆதியணுவோட இழைமணியிலயும் இருக்குங்குது பெருங்கணி. அதுல இல்லாத மரபெழுத்து ஒண்ணுகூட இவகிட்ட இல்லையாம். அது எப்படின்னுதான் எனக்குப் புரியல," என்றாள்.

ஹெப்சிபாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு இருபத்து மூன்று வயசு. ஆய்வுக்கூடத்தில் உயிரணு வளர்க்கும் வேலை. நாடு முழுக்க இரண்டு லட்சம் பேரைச் சோதித்து, ஒரு கபடி வீராங்கனையைத் தேர்ந்தெடுத்து, அவள் கையிலிருந்து எடுத்த தோல் துணுக்கைப் பன்னிரண்டு குடுவைகளில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் ஆதியணு ஆகவேண்டியது. குடுவைகள் இருந்த சூட்டுப்பெட்டிக்குக் கரியமில வாயு போய்க்கொண்டே இருக்கவேண்டும். பொங்கல் விடுமுறையில் வாயு உருளையை மாற்றுவது ஹெப்சிபாவின் முறை. அன்றைக்குப் பார்த்து ஊரிலிருந்து ஆள் வந்தது, அம்மா சாகக் கிடக்கிறாள் என்று. உருளை ஞாபகமே இல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தால், பன்னிரண்டு குடுவையிலும் வளர்ப்புநீர் கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. ஓர் அணுகூட உயிரோடில்லை. அந்த வீராங்கனை அதற்குள் கல்யாணமாகிக் கனடா போய்விட்டாள். திரும்பக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள். வேலை போகும். வேலை போனால் படிக்கிற இரண்டு தம்பிகளும் தெருவில் நிற்பார்கள். ஹெப்சிபா கதவைத் தாழ்போட்டாள். மரத்துப்போகும் ஊசியை இடது கையின் உள்பக்கத்தில் போட்டு, அரிசியளவு தோலை வெட்டி எடுத்தாள். புதுக் குடுவையில் போட்டு, பழைய பெயரை ஒட்டினாள். அணுக்கள் நன்றாகவே வளர்ந்தன. மார்ச் மாதம் பெருங்கணி அவற்றைப் படிக்க ஆரம்பித்தது.

அதன் பிறகு அவளுக்குப் பெரிய பயம் ஒன்றும் இருக்கவில்லை. நான் நல்லாத்தானே இருக்கேன், என் அணுவும் அணுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆதியணுவைக் கையாண்டவர்களின் மாதிரியில் அது கலந்திருக்கும் என்று அவர்களுக்கு எண்ணுடல் கட்டுவதில்லை. அதனால் அவள் அகப்படவும் இல்லை. ரூத்துக்குத் தொண்ணூற்றொன்று வந்த நாளில் மட்டும் அகப்பட்டுவிடுவோமோ என்று பயந்தாள். ஆனால் மொத்த ஊரும் வந்து வாழ்த்தியபோது, பாவி மனசு கொஞ்சம் பெருமைப்படவும் செய்தது.

அளவுகோலே வளைந்திருந்தால் அதே வளைவுள்ள எதுவும் நேராகத்தான் தெரியும். ஆதியணுவில் இருக்கிற பழுது, பெருங்கணிக்குப் பழுதே இல்லை.

அன்று மத்தியானமே அவள் பெருங்கணிக் கூடத்துக்குப் போனாள். இயக்குநர் ஆவுடையப்பன் அவளோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். ஓய்வுபெற நாலு மாதம் இருந்தது. அவள் புடவைத் தலைப்பை விலக்கி, இடது கைத் தழும்பைக் காட்டி, நடந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் முகம் வெளிறிவிட்டது. "இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடச் சொல்லணும்னு தோணலையா ஹெப்சிபா?"

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னுதான் நினைச்சேன் சார். சத்தியமா."

"இதே பழுது உள்ளவங்க நாட்டுல எத்தனை பேர் இருப்பாங்க? எத்தனை பேரை ஒண்ணுமில்ல போங்கன்னு அனுப்பியிருப்போம்?" அவர் திரையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். "கணக்கே இல்ல. நோய்னு நினைச்சாத்தானே அது கணக்கு வைக்கும்!"

"எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க சார். அந்த இழைமணியில ஒரே ஒரு எழுத்துதான் தப்பு. அதை மட்டும் மாத்திருங்க. என் பிள்ளைக்குப் பேழை திறந்துரும்."

"ஒரு எழுத்தைத் தொட முடியாதும்மா. யாரும் தன் வசதிக்கு ஆதியணுவைத் திருத்திரக் கூடாதுன்னு பூட்டு போட்டதே நாமதான். குழுவுல நீயும் இருந்த, கையெழுத்துப் போட்ட. வச்சா முழுசா வைக்கணும், விலக்குனா முழுசா விலக்கணும்."

"விலக்குனா?"

"பதினொண்ணாவது விதி. பழைய ஆதியணுவுக்கு எது ரொம்ப நெருக்கமோ, அந்த உடம்பைப் பெருங்கணியே அடுத்த ஆதியணுவா எடுத்துக்கிடும். மூணே நாள்." ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷர். தன் பெயர் கெடும், முப்பது வருஷ உழைப்பு சந்தி சிரிக்கும் என்று தெரிந்தும் ஒரு நொடி தயங்கவில்லை. "பிள்ளை உசிரைவிடப் பேரு பெரிசில்ல," என்று சொல்லி விலக்கு ஆணையில் கைவிரலை வைத்தார்.

ஹெப்சிபா அவர் காலில் விழப்போனாள். அவர் தடுத்துவிட்டார். வாழ்நாள் முழுக்க எண்களோடு குடும்பம் நடத்திய இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் தொண்ணூற்றொன்று என்கிற எண் ஞாபகம் வரவில்லை. ஒருத்திக்குப் பிள்ளைப் பாசம் கண்ணை மறைத்தது. மற்றவருக்குக் குற்றவுணர்ச்சி.

ஹெப்சிபா ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து மகளின் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ரூத்து, ஒண்ணு சொல்லுதேன். கோவப்படாம கேளு. உனக்கு நோய் இருக்கு மக்ளே. நெசமாவே இருக்கு. நான் குடுத்தது. எனக்கும் இருக்கு, உங்க பாட்டிக்கும் இருந்தது."

ரூத் அம்மாவையே பார்த்தாள். "நெசமாவா?"

"ஆமா."

"அப்ப... நான் சோம்பேறி இல்லையாம்மா?"

ஹெப்சிபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லட்டி. நீ சோம்பேறி இல்ல. ஒரு நாளும் இல்ல. உன் உடம்புல இருந்த கொஞ்ச நஞ்ச பலத்துக்கு நீ செஞ்சதே ஜாஸ்தி. நாந்தான் உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினேன்."

ரூத் அழுதாள். வருத்தத்தில் இல்லை. பன்னிரண்டு வருஷமாகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தவளுக்கு அன்றைக்குத்தான் விடுதலை கிடைத்தது. நோய் இருக்கிறது என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு முகத்தை டாக்டர் பர்வீன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. மூன்று நாளும் ரூத் சிரித்த முகமாகவே இருந்தாள். மருந்து வந்ததும் ஒரு தடவை கிறிஸ்துராஜா கோயில் வரைக்கும் நடந்தே போய்வரணும் என்றாள்.

நான்காம் நாள் காலை பர்வீன் ரூத்தின் எண்ணுடலை மறுபடி ஓட்டினாள். திரையில் வந்தது:

நோய் இல்லை. நெருக்க எண் நூறு.

ஹெப்சிபா வாயைப் பொத்திக்கொண்டாள். நாடு முழுவதிலும் எண்ணுடல் உள்ளவர்களில் பழைய ஆதியணுவுக்கு மிக நெருங்கிய உடம்பு வேறு யாருடையதாக இருக்கும்? ஆதியணுவின் சொந்த மகளை விட்டுவிட்டுப் பெருங்கணி வேறு எங்கே போகும்? இப்போது ரூத்தான் அளவுகோல். அவளை அவளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று சொல்கிறது.

"நூறா?" என்று கேட்டாள் ரூத். குரல் எழும்பவில்லை. "பரீச்சையிலகூட நான் நூறு வாங்குனதில்லையேம்மா."

ஆவுடையப்பன் ஓடிவந்தார். தலையில் அடித்துக்கொண்டார். ஆட்சேப மனு எழுதினார். அதைப் பரிசீலிக்க நாற்பது நாள். பரிசீலிப்பதும் பெருங்கணிதான், புதிய ஆதியணுவை வைத்துத்தான். உருப்பெருக்கியில் ஒரே ஒரு நிஜ உயிரணுவை வைத்து, இதோ பாருங்கள் என்று காட்டலாம் என்றால், நாட்டில் வளர்ப்புக்கூடம் ஒன்றுகூட மிச்சமில்லை. தேவையில்லை என்று எல்லாவற்றையும் மூடி ஏழு வருஷமாகிறது. மூடிய உத்தரவும் அவர் போட்டதுதான்.

அதற்குள் சேதி பரவிவிட்டது. வட்டாரத் தலைவர் நாற்பது பேரோடு பொன்னாடையும் ரோஜா மாலையுமாக வந்து இறங்கினார். வாசலில் பதாகை கட்டினார்கள், "நெல்லையின் பெருமையே, நாட்டின் ஆதியணுவே" என்று. மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த பெண்ணின் தோளில் பொன்னாடையைப் போர்த்தப் போனவரை பர்வீன் பிடித்து வெளியே தள்ளினாள்.

பிறகு அவள் நேரே போய்த் தீயணைப்புக் கம்பியை எடுத்துவந்து மருந்துப் பேழையை உடைத்தாள். உடைத்தால் உள்ளிருக்கும் புட்டிகள் தானே நொறுங்கும்படி செய்திருந்தார்கள், திருட்டு நடக்காமல் இருக்க. ரூத்துக்கு வேண்டிய மருந்து பர்வீனின் முழங்கை வழியாக ஒழுகித் தரையில் கொட்டியது. அவளை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. ரூத்தின் கட்டிலடியிலேயே கிடந்தாள்.

பன்னிரண்டாம் நாள் முற்பகலில், ஜன்னலில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, ரூத் இறந்துபோனாள். சாவுச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தைப் பெருங்கணி காலியாக விட்டிருந்தது. நோயே இல்லாதவள் எப்படிச் செத்தாள் என்று எழுத அதனிடம் வார்த்தை இல்லை.

ஹெப்சிபாவைக் கைது செய்ய யாரும் வரவில்லை. அவள் செய்தது குற்றம் என்று நிரூபிக்கப் பழைய ஆதியணுவில் பழுது இருக்கவேண்டும். பழுது இல்லை என்று புதிய ஆதியணு சொல்லிவிட்டது. அவள் தினமும் சமையலறையில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து, அந்தச் சான்றிதழை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். மின்தூக்கி திறக்கவில்லை. இப்போது இருக்கிற ஆதியணுவுக்கு அவள் தாய். ஆனாலும் எண்ணுடலே இல்லாதவளுக்கு நோய் உண்டு என்று பெருங்கணி எப்படிச் சொல்லும்? படியேறினாள். ஏழாவது படியில் கால் நின்றுவிட்டது. மகள் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

கீழேயிருந்து ஒரு பெண் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள். பதினெட்டு வயசிருக்கும். கபடி அணியின் மஞ்சள் சட்டை, முழங்காலில் செம்மண்.

"என்ன ஆச்சி, முடியலையா? தண்ணி வேணுமா?" என்று கேட்டு நின்றாள்.

"வேண்டாம் மக்ளே. நீ எதுக்கு இங்க?"

"எனக்கு என்னமோ நோயாம் ஆச்சி! நேத்து சீட்டு வந்துச்சு. எங்க டீம்ல ஒம்பது பேருக்கு வந்திருக்கு. இழைமணிக் கோளாறுன்னு போட்டிருக்கு. ஆதியணுவுல இருந்து ரொம்ப விலகிப் போயிட்டேனாம்." அவள் சிரித்தாள். "லிஃப்ட் எனக்குத் திறந்துச்சு. பழக்கதோஷம், ஓடியே வந்துட்டேன்."

ஹெப்சிபாவுக்கு முழுவதும் விளங்கியது. ஹெப்சிபாவின் அணுவில் நல்ல இழைமணியும் கெட்ட இழைமணியும் கலந்திருந்தன. அதனால் பழைய அளவுகோலுக்கு இரண்டுமே இயல்பு. ரூத்தின் அணுவில் கெட்டது மட்டும்தான். புதிய அளவுகோலுக்கு அதுதான் ஆரோக்கியம். இனி மூச்சு வாங்காமல் மாடியேறுகிற ஒவ்வொருவரும் நோயாளி. அவர்களை ரூத்தைப் போல் ஆக்குகிற மருந்து எதுவோ, அதைப் பெருங்கணி தேடி எடுத்துக் கொடுத்துவிடும்.

"சாப்பிடாத மக்ளே! அந்த மருந்தைச் சாப்பிடாத. உனக்கு ஒண்ணுமில்ல. நீ நல்லாருக்க!"

"பெருங்கணி தப்பாச் சொல்லுமா ஆச்சி?" என்றாள் அந்தப் பெண் அன்பாக. "பதனமா மெதுவா ஏறி வாங்க. அவசரம் ஒண்ணுமில்ல."

அவள் ஓடிப்போனாள். ஹெப்சிபா கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். எட்டாவது படி. ஒன்பதாவது படி. நெஞ்சு அடைத்தது. அவள் கத்தினாள். குரல் பத்தாவது படியைத் தாண்டவில்லை.

மேலே மருந்துப் பேழை மூன்று முறை மணியடித்தது.